கோவேறு கழுதை ஏறுன வண்டி

ஏலே பேராண்டி, போட்டோ வந்து சேந்துச்சு. கண்ண இறுக்க மூடிக்கிட்டு, வாய ஆன்னு பொளந்துக்கிட்டு, தலமுடி நட்டுக்க நிக்க ஒரு படம். ஒஹாயோவுல சீடர் பாயிண்ட் பார்க்குல ரோலர் கோஸ்டர் ஏறுனேன், பேரு மில்லேனியம் ஃபோர்ஸ், 310 அடி ஒசரம், மணிக்கு 93 மைல் வேகம்னு கீழ எழுதி வேற அனுப்பியிருக்க.

சந்தோசம். ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. உள்ள நுழைய ஒரு காசு. கார நிறுத்த ஒரு காசு. ஒசரத்துக்குக் கொண்டுபோயி உன்னத் தள்ளிவிட்டு, நீ அலறும்போது படம் புடிச்சு, அத உனக்கே விக்கான். அதையும் வாங்கியிருக்க. அலறுனதுக்கு ரசீது வாங்குன மொத ஆளு நம்ம குடும்பத்துல நீதாம்லே.

"இதெல்லாம் லேட்டஸ்ட் டெக்னாலஜி தாத்தா, உங்களுக்குப் புரியாது"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வேற. புரியாதுதான். நான் என்னத்தக் கண்டேன்? உன் அத்தை வீட்டுல பொழுது போவாமக் கெடந்த காலத்துல, லைப்ரரி புஸ்தகத்த எழுத்துக் கூட்டிப் படிச்சவன். படிச்சதுல ஒரு சங்கதி மட்டும் மறக்கல. உன் லேட்டஸ்ட் டெக்னாலஜியில அமெரிக்காவுல மொதமொதல்ல சொகமாச் சவாரி போனது யாரு தெரியுமா? கோவேறு கழுதை.

சிரிக்காத. பென்சில்வேனியாவுல மாக் சங்க்னு ஒரு ஊரு. மலை மேல நிலக்கரிச் சொரங்கம், கீழ லீகை ஆறு. கரிய ஆத்துக்குக் கொண்டாந்து படகுல ஏத்தணும். நடுவுல 9 மைல் இருக்கு. 1827-ல கரிக் கம்பெனிக்காரன் சரிவு நெடுகத் தண்டவாளம் போட்டான். கரிய ரொப்பி வண்டிய அவுத்து விட்டா, எஞ்சினும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், பாரமே இழுத்துக்கிட்டு எறங்கிரும். பிரேக்கப் புடிக்க ஒரு ஆளு போதும். ஆனா காலி வண்டி மறுபடி மேல ஏறணும்லா? அதுக்குத்தான் கோவேறு கழுதை. சரி, மேல போன கழுத கீழ எப்படி வரும்? நடத்திக் கூட்டியாந்தா நேரம் போவுது. அதனால கழுதைக்குன்னே தனி வண்டி பூட்டி, அதையும் ஏத்தி உருட்டி விட்டான்.

கொஞ்ச நாளு போச்சு. கழுத நடந்து எறங்க மாட்டேன்னு நின்னுருச்சு. என்ன பண்ணியும் அசையல. வண்டி வந்தாத்தான் வருவேன்னு அடம்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு நாம எளக்காரமாச் சொல்லுவோம். இந்தக் கழுதைக்குத் தெரிஞ்சிருக்கு பாரு! ஏறுறதுக்கு ஒழைப்பு, எறங்குறதுக்குச் சவாரி. டிக்கெட்டு கெடையாது, வரிசை கெடையாது, போட்டோவும் கெடையாது. அதுக்கப்புறம் இந்தத் தொழில்ல இவ்வளவு லாபத்தோட ஒருத்தனும் எறங்கல.

கழுதயப் பாத்து மனுசனுக்கும் ஆச வந்துச்சு. நானும் உக்காந்து எறங்குறேன்னு ஊருக்காரன் வந்து நின்னான். 1840-கள்ல மலை உச்சியில நீராவி எஞ்சின் வச்சு வண்டிய மேல இழுத்தாங்க, கழுதைக்கு வேல போச்சு. 1872-ல மலையக் கொடைஞ்சு வேற பாத வந்ததும் கரியும் அந்தப் பக்கம் போயிருச்சு. தண்டவாளம் சும்மா கெடக்கு. சும்மா கெடந்தா விடுவானா? கரி ஏறுன எடத்துல கனவான ஏத்துனான். கரிய எறக்கக் கூலி குடுத்த எடத்துல, மனுசன எறக்கக் கூலி வாங்குனான். 1933 வரைக்கும் அந்த யாவாரம் நடந்துச்சு.

ரசியாவுல இதுக்கெல்லாம் முந்தியே பனிக்கட்டி மேடு கட்டி வழுக்கி வெளையாடியிருக்காங்க. பாரீசுல 1817-ல அதுக்குச் சக்கரமும் மாட்டுனாங்க. அது பெரிய வீட்டுச் சங்கதி. நமக்குக் கழுத போதும்.

இப்பம் காலுறைக்காரன் கதைக்கு வாரேன். லமார்கஸ் தாம்சன்னு பேரு. இண்டியானாவுல தையல் தெரியாத காலுறை செஞ்சு வித்துப் பணம் பாத்தவன். உடம்புக்கு முடியாமத் தொழில விட்டான். பக்திமான். வாலிபப் பிள்ளைக சாராயக்கடையிலயும் ஆகாத வீட்டுலயும் விழுந்து கெடக்கே, இதுகள வேற பக்கம் திருப்பணுமேன்னு அவனுக்குக் கவல. நல்ல கவலதான். அதுக்கு என்ன பண்ணுனான்? நியூயார்க்குப் பக்கம் கோனி தீவுக் கடக்கரையில 1884-ல மரத்துல மேடு கட்டி வண்டிய ஓட்டுனான். ஏன்லே, சாராயக்கடையில இருந்து பிள்ளைகள இழுத்தாரணும்னா அத விடத் தல சுத்துற சரக்குல்லா வேணும்?

600 அடி நீளம், 50 அடி ஒசரம். வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 6 மைல். நம்ம பால்காரன் கேனக் கட்டிக்கிட்டுச் சைக்கிள்ல அத விட வேகமா வருவான். பெஞ்சுல பக்கவாட்டுல உக்காந்து கடலப் பாத்துக்கிட்டே போகணும். அந்தக் கடைசிக்குப் போனதும் தொரை, தொரைசானி எல்லாரும் எறங்கி நிக்கணும். ஆளுக வண்டிய மேட்டுல தள்ளி ஏத்துவாங்க. பொறவு ஏறித் திரும்பி வரணும். இதுக்கு 5 சென்ட். அந்தச் சில்லறையே ஒரு நாளைக்கு 600 டாலர் வரைக்கும் சேந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. பிள்ளைக திருந்துச்சோ இல்லையோ, தாம்சன் நல்லா இருந்தான்.

காசு வாற எடத்துக்குப் போட்டிக்காரன் வராம இருப்பானா? ஒருத்தன் தண்டவாளத்த வளைச்சுப் புறப்பட்ட எடத்துலயே கொண்டாந்து சேத்தான். மறு வருசமே இன்னொருத்தன், உக்காந்த ஆள எறக்காமலே வண்டிய இழுத்து மேல ஏத்துனான். யோசிச்சுப் பாரு. ஒரு எடத்துல ஏறி, ஊரெல்லாம் சுத்துன களைப்போட, அதே எடத்துல எறங்கணும். எங்கயும் போவாம இருக்கதுக்குப் பயணச்சீட்டு! இதக் கண்டுபிடிச்சவன் மூளைக்கு ஒரு கும்புடு போடணும்லே.

அடுத்து வந்தது தலைகீழ்ப் பைத்தியம். பால் பாய்ட்டன்னு ஒரு நீச்சல்காரன், ரப்பர் உடுப்பு மாட்டி இங்கிலீசுக் கால்வாயையே நீந்துனவன். 1895-ல கோனி தீவுல வேலி அடைச்சு, வாசல்ல காசு வாங்கிக்கிட்டு உள்ள விட்டான். கடக்கரைக்குக் கதவு வச்ச மகராசன். உள்ள ஒரு வண்டி இருந்துச்சு, வளையத்துக்குள்ள தலைகீழாச் சுத்தி வரும். அந்த வளையத்தக் காம்பஸ் வச்சுப் போட்ட அசல் வட்டமாவே கட்டிட்டாங்க. கீழ இருந்து வேகமா வார வண்டி சடார்னு வட்டத்துல ஏறும்போது, உடம்பு தன் எடையில 12 மடங்கா அழுந்தும்னு கணக்குப் போட்டவங்க இருக்காங்க. கழுத்து என்னத்துக்கு ஆகும்? ஏறுனவன் கழுத்தப் புடிச்சுக்கிட்டே எறங்குனான். 1901-ல அதே கோனி தீவுல இன்னொருத்தன் வளையத்தக் கொஞ்சம் முட்ட வடிவமா நீட்டுனான். கழுத்து தப்பிச்சுது. ஆனா யாவாரம்? வண்டிக்கு நாலு பேருதான் ஏற முடியும். அதுலயும் ஏறுனவன விட, காசு குடுத்து வெளிய நின்னு பாத்தவன்தான் அதிகம்.

அந்தக் கூட்டத்துல நான் இருந்திருப்பேன். அடுத்தவன் தலைகீழாத் தொங்குறதப் பாக்கதுக்குக் காசு குடுக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு.

வளையத்த ஒழுங்காக் கட்ட அதுக்குப் பொறவு முக்கா நூத்தாண்டு ஆச்சு. 1976-ல கலிபோர்னியாவுல மேஜிக் மவுண்டன் பார்க்குல ரெவல்யூஷன்னு ஒண்ணு வந்துச்சு. வெர்னர் ஸ்டெங்கல்னு ஜெர்மன் இன்ஜினியர் ஒருத்தர் போட்ட கணக்கு. கீழ வண்டி வேகமா வரும், அதனால அங்க வளைவு அகலமா இருக்கணும். மேல போகப் போக வேகம் கொறையும், அங்க வளைவு இறுக்கமா இருக்கணும். பாத்தா கண்ணீர்த் துளி வடிவம். அம்புட்டுத்தான். கேட்டதும் "அட, ஆமால்லா"ன்னு தோணுதா? எத்தன கழுத்து சுளுக்கிச்சோ, இந்த "ஆமால்லா" வாறதுக்கு.

கோனி தீவுல எனக்குப் புடிச்ச ஆளு ஜார்ஜ் டில்யூதான். சரியான கள்ளன். 1897-ல ஸ்டீப்பிள்சேஸ்னு பார்க்கு தொறந்தான். மரக்குதிரை மேல உக்காந்து தண்டவாளத்துல பந்தயம் போகலாம். எறங்கி வெளிய வார வழியில தரையில இருந்து குபீர்னு காத்தடிக்கும். பொம்பளையாளு பாவாடையப் புடிப்பாளா, தொப்பியப் புடிப்பாளா? கோமாளி ஒருத்தன் ஆம்பளைகள ஓட ஓட வெரட்டுவான். இத ஒரு கூட்டம் கேலரியில உக்காந்து பாத்துச் சிரிக்கும். அந்தக் கூட்டம் யாரு? சத்த முந்தி இதே எடத்துல மானம் போனவங்க. ஏமாந்தவன் அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போவான்னுதான நாம நெனப்போம்? அவன் போகல. அடுத்து ஏமாறப் போறவனப் பாக்க எடம் புடிச்சு உக்காந்துட்டான். மனுசன டில்யூ படிச்சு வச்சிருந்த மாதிரி நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல.

1907-ல அந்தப் பார்க்கு முழுக்க எரிஞ்சு போச்சு. மறு நாளே வாசல்ல போர்டு வச்சான்: எரிஞ்ச எடத்தப் பாக்க 10 சென்ட். ஏலே, நம்ம வைக்கப்போர் எரிஞ்சா நாம தலையில அடிச்சுக்கிட்டு அழுவோம். அவன் பொகையையும் வித்தான்.

பக்கத்துல லூனா பார்க்கு 1903-லயும், டிரீம்லேண்டு 1904-லயும் வந்துச்சு. மின்சாரம் புதுசு, அதனால லட்சக்கணக்குல பல்பு. டிரீம்லேண்டுல ஒரு வண்டிக்கு "நரக வாசல்"னு பேரு வச்சாங்க. 1911-ல சீசன் தொறக்குற நாளு விடியக்கருக்கல்ல தீப்புடிச்சுது. எங்க இருந்து? அந்த நரக வாசல்ல இருந்துதான். பார்க்கே சாம்பலாச்சு, திரும்பக் கட்டவே இல்ல. வெளம்பரத்துக்குன்னு பேரு வைக்கும்போது கொஞ்சம் வாயக் கழுவிட்டு வைக்கணும்.

கேலி பண்ண முடியாத ஒண்ணும் அதே கடக்கரையில இருந்துச்சு. மார்ட்டின் கூனின்னு ஒருத்தர். மாசம் நெறையாமப் பொறந்த பிள்ளைகளக் கண்ணாடிப் பெட்டியில, இன்குபேட்டர்ல வச்சு, நர்சு போட்டு வளத்தாரு. எங்க? ஆஸ்பத்திரியில இல்ல. ஆட்டமும் பாட்டமுமாக் கெடக்க கோனி தீவுல, 1903-ல இருந்து 1943 வரைக்கும். பெத்தவங்ககிட்ட ஒரு சல்லி வாங்கல. வேடிக்க பாக்க வந்தவன்கிட்ட 25 சென்ட் வாங்கி அதுல செலவு பாத்தாரு. அந்தக் காலத்துல ஆஸ்பத்திரிகள்ல இதுகளப் பொழைக்க வைக்க வழி கெடையாது, பொழைக்காதுன்னு கையக் கழுவிருவாங்க. அவரு கைக்கு வந்த ஏறக்கொறைய 8,000 பிள்ளைகள்ல 6,500 பொழைச்சுதாம். அவரு படிச்ச டாக்டர்தானான்னே ஒரு சந்தேகம் உண்டு. இருக்கட்டும். படிச்சவன் செய்யாதத ராட்டினத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் கட வச்சுச் செஞ்சான். நியூயார்க்குல பெரிய ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளைகளுக்குன்னு தனிப் பகுதி தொறந்தது 1943-ல. அவரும் கடைய மூடிட்டாரு.

சரி, வண்டிக்கு வாரேன். அந்தக் காலத்து அமெரிக்காவுல ஊருக்கு ஊரு இந்த மாதிரி பார்க்கு மொளைச்சதுக்குக் காரணம் கேளிக்கை இல்லலே, கரண்டு பில்லு. டிராம் கம்பெனிக்காரன் மின்சாரத்துக்கு மாசம் ஒரே தொகை கட்டுவான். வார நாள்ல வண்டி நெறையும். ஞாயித்துக்கெழமை காலியா ஓடும், பில்லு மட்டும் கொறையாது. என்ன செய்யலாம்? லைன் முடியுற எடத்துல ஒரு தோப்பு, ஒரு ராட்டினம், ஒரு மேளக்கச்சேரி. சனம் டிராம் ஏறிருச்சு. பிட்ஸ்பர்க் பக்கத்துல கென்னிவுட் 1898-ல அப்படி வந்ததுதான், இன்னும் ஓடுது. ஆல்டூனாங்கிற ஊருல 1902-ல கட்டுன லீப் த டிப்ஸ்னு ஒரு மர வண்டி நிக்கி. உலகத்துல இப்பம் நிக்கதுல அதுதான் மூத்தது. அதுல பெரிய எறக்கமே 9 அடிதான். அதுக்கும் அந்தக் காலத்துல அலறத்தான் செஞ்சிருக்காங்க.

அந்த 9 அடி உனக்கு 300 அடி ஆனதுக்கு ஒரு ஆளுக்கு நீ நன்றி சொல்லணும். ஜான் மில்லர். நூத்துக்கு மேல பேட்டண்டு வாங்குனவரு. உன் வண்டி எதுலயும் அவரு பேரு எழுதியிருக்க மாட்டாங்க. பழைய வண்டியில மேட்டுல ஏறும்போது டக் டக் டக்னு ஒரு சத்தம் வரும்லா? அதக் கேட்டு வயிறு கலங்கும்லா? அது என்னன்னு நெனச்ச? தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா இரும்பு ஒண்ணு ஓடுது. வண்டிக்கு அடியில இருக்க கொக்கி ஒவ்வொரு பல்லாத் தாண்டி விழுதது அந்தச் சத்தம். இழுக்குற சங்கிலி அறுந்தாலும் கொக்கி பல்லுல மாட்டிக்கும், வண்டி பின்னால உருளாது. மில்லர் 1910 வாக்குல பண்ணுன வேல. உன்னக் காப்பாத்துற சத்தத்தக் கேட்டுத்தான் நீ பயந்து சாவுத. கோட்டிக்காரப் பயலே, பயப்படணும்னா சத்தம் நிக்கும்போதுல்லா பயப்படணும்.

1919-ல அவரு இன்னொண்ணு பண்ணுனாரு. தண்டவாளத்துக்கு மேல ஒரு சக்கரம், பக்கத்துல ஒண்ணு, அடியிலயும் ஒண்ணு. மூணு பக்கமும் கவ்விப் புடிச்ச பொறவு வண்டி எங்க தூக்கி எறியும்? அதுக்கு முந்தி, செங்குத்தா எறக்குனா வண்டி தண்டவாளத்த விட்டே போயிரும்னு பயம். பயம் போனதும் எல்லாரும் ஒசரமாக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. 1920-கள்ல அமெரிக்கா பூரா ஆயிரத்துக்கு மேல மர வண்டி ஓடுச்சு. 1927-ல கோனி தீவுல சைக்ளோன் வந்துச்சு: 85 அடி, 60 மைல் வேகம். தாம்சனோட 6 மைல் வண்டி நின்ன அதே எடம். இப்பமும் ஓடுது. பேச்சுப் போயிருந்த சொரங்கத் தொழிலாளி ஒருத்தரு 1948-ல இதுல ஏறி அலறி, எறங்கும்போது "குமட்டுது"ன்னு வாயத் தொறந்து சொன்னாருன்னு ஒரு கத உண்டு. நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம். 1927-லயே, பஃபலோ ஊருக்கு எதிர்க்கரையில, கனடாவுல கிறிஸ்டல் பீச்சுனு ஒரு பார்க்குல வேற சைக்ளோன் வச்சாங்க. எறங்குற எடத்துல ஒரு நர்ச நிறுத்தியிருந்தாங்க. மருந்துக்குன்னு நெனச்சியா? நர்சு நிக்கான்னு தெரிஞ்சா கூட்டம் கூடும். கூடுச்சு.

பொறவு பஞ்சம் வந்துச்சு, யுத்தம் வந்துச்சு, கார் வந்துச்சு. டிராமும் போச்சு, தோப்பும் போச்சு. முக்காவாசி வண்டி வெறகாப் போச்சு.

இன்னொண்ணையும் சொல்லிருதேன், இது உன் போட்டோவுல தெரியாது. இந்தப் பார்க்குகள்ல ஒரு பாடு எடத்துல கறுப்பு சனத்த உள்ள விட மாட்டாங்க. 1963-ல மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் ஜெயில்ல இருந்து எழுதுன கடுதாசியில, டிவியில ஃபன்டவுன் பார்க்கு வெளம்பரத்தப் பாத்துட்டு அங்க போகணும்னு கேட்ட தன் சின்ன மவளுக்குப் பதில் சொல்ல முடியாமத் தவிச்சத எழுதியிருக்காரு. பால்டிமோர் பக்கத்துல க்வின் ஓக் பார்க்கு அதே வருசம் ஆகஸ்ட் 28-ந்தேதிதான் எல்லாரையும் உள்ள விட்டுச்சு. அன்னைக்குத்தான் வாஷிங்டன்ல கிங் பேசுனாரு. ஒரு வயசு நெறையாத கறுப்புப் பிள்ள ஒண்ணு அன்னைக்கு அங்க மரக்குதிரை ராட்டினத்துல சுத்துச்சு. அந்த ராட்டினத்தப் பொறவு வாஷிங்டனுக்கே கொண்டுபோயி வச்சுட்டாங்க. மேல இருந்து விழுந்தா எல்லாருக்கும் ஒரே பயந்தான. அந்தப் பயத்துக்கும் தோலு நெறம் பாத்து டிக்கெட்டு குடுத்திருக்கான் பாரு.

டிஸ்னி கத உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா மொத நாளு கத தெரியாது. 1955 ஜூலை 17. கலிபோர்னியாவுல ஆரஞ்சுத் தோட்டத்த அழிச்சுக் கட்டுன எடம். கள்ளச்சீட்டு அடிச்சு ஆயிரக்கணக்குல உள்ள பூந்துட்டாங்க. நல்ல வெயிலு. தாரு அப்பத்தான் போட்டது, தொரைசானிமாரு செருப்புக் குதி தாருல பொதைஞ்சு நின்னுச்சு. குழாய்க்காரங்க வேலநிறுத்தத்தால கக்கூசுக்குத் தண்ணி விடணுமா, குடிக்கத் தண்ணி விடணுமாங்கிற நெலம. டிஸ்னி கக்கூசுன்னாரு. நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஊரே சிரிச்சுது. ஏழு வாரத்துல 10 லட்சம் பேரு வந்துட்டாங்க. சிரிச்சவனும் அதுல ஒருத்தனா இருப்பான். 1959-ல அங்கதான் இரும்புக் குழாய்த் தண்டவாளத்துல மேட்டர்ஹார்ன் வண்டி ஓடுச்சு. மரத்த அப்படி முறுக்க முடியுமா? குழாய எப்படி வேணும்னாலும் வளைக்கலாம். உன் வண்டியெல்லாம் அதோட வாரிசுதான்.

டிஸ்னிக்குப் பக்கத்து ஊருல ஒரு குடும்பம் இருந்துச்சு, நாட்ஸ்னு பேரு. பழம் வித்துப் பொழைச்சவங்க. 1934-ல அந்த வீட்டு அம்மா தன் கல்யாணப் பீங்கான்ல 8 பேருக்குக் கோழி பொரிச்சுப் போட்டா. ருசி புடிச்சுப் போயி கூட்டம் வந்துச்சு. மணிக்கணக்கா வரிச. காத்துக் கெடக்கவனுக்குப் பொழுது போகணுமேன்னு வீட்டுக்காரரு 1940-ல பழைய ஊரு மாதிரி ஒரு தெருவக் கட்டி வச்சாரு. அதுதான் இன்னைக்குப் பெரிய பார்க்கு. கவனிச்சியா? கோழிக்கு நின்ன வரிசையில பொறந்த பார்க்கு அது!

உன் பார்க்க நானும் பாத்தவந்தான். அத்தை வீட்டுல கெடந்தப்ப உன் அத்தை மவன் என்னையும் இழுத்துக்கிட்டுப் போனான். ஏறல. கீழ பெஞ்சுல உக்காந்து எல்லாரு பையும், செருப்பும், செல்லும் மடியில வச்சுக்கிட்டுக் காவலு. என்ன மாதிரி இன்னும் ஏழெட்டுக் கெழடுக. ஒரு வெள்ளக்காரத் தாத்தா மடியில நாலு தொப்பி. ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டோம். பாஷை எதுக்கு? மத்தியானம் பூரா வரிசையில நின்னு வெந்து போயி பயலுக போனானுக. ரெண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல அந்தச் சவாரி. எறங்கி வந்து, காலு நடுங்க, "செம தாத்தா, இன்னொருக்கா"ன்னு மறுபடி வரிசைக்கு ஓடுனான். சத்தியமாச் சொல்லுதேன், அவன் முகத்துல இருந்த சந்தோசம் பொய்யில்ல. ஆனா அவன் நாள்ல முக்காவாசி விலை போனது நிக்கதுக்குத்தான்.

அந்த நிக்கதுலயும் இப்பம் யாவாரம் வந்தாச்சு. டிஸ்னியில வரிசையத் தாண்டிப் போற சீட்டு 1999-ல சும்மா குடுத்தாங்க. 2021-ல அதுக்கும் விலை வச்சுட்டாங்க. மொதல்ல கூட்டத்தச் சேக்க காசு. பொறவு அந்தக் கூட்டத்துல நிக்காம இருக்கக் காசு. டில்யூ இதக் கேட்டா எந்திரிச்சு வந்து கைகுடுப்பான்.

உங்க ஒசரப் போட்டிக்கு வருவோம். 1989-ல சீடர் பாயிண்ட்டுல 200 அடியத் தாண்டி 205. 2000-ல உன்னோட 310. 2003-ல அங்கயே 420, எல்லாம் சேத்து 17 விநாடி. சில சமயம் வண்டி உச்சிக்குப் போயிட்டு, தாண்ட மனசில்லாம வந்த வழியே பின்னால எறங்குனதும் உண்டு. ஏறுனவன் அதுக்கும் கை தட்டுனான், ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு தரம்னு. 2005-ல நியூ ஜெர்சியில கிங்டா கா: 456 அடி, மணிக்கு 128 மைல், 28 விநாடி. ஒரு கொட்டாவி விட்டு, "அம்மாடி"ன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள எல்லாம் ஆச்சு. அதுக்கு நாளெல்லாம் வரிச.

சாமான்யப்பட்ட ஒசரமா? 45 மாடி வருமாம். அப்படிப்பட்டத 2024-ல நிறுத்திட்டு, 2025 பிப்ரவரியில வெடி வச்சுத் தரமட்டமாக்கிட்டாங்க. அது சரியுற வீடியோவ நீதான எனக்கு அனுப்புன? ஒரு சென்ட் வாங்காம ஊரு ஒலகமே பாத்துருச்சு. டில்யூவா இருந்தா விட்டிருப்பானா? அதே எடத்துல புதுசா இன்னொண்ணு கட்டப் போறதா அப்பம் சொன்னாங்க. இப்பமே பணத்தச் சேத்து வையி. செருப்பும் தொப்பியும் பாத்துக்க நான் வாரேன், கூலி பேசிக்கிடுவோம்.